நாட்டுப்பாடலுக்கு ஓர் இல்லம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்துள்ள பேரூர் வ. புதுப்பட்டி. மலையிலிருந்து இறங்கிவரும் நீர் கண்மாய்களை நிரப்ப, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் அப்பகுதியைப் பசுமையாக்குகின்றன. அதற்குத் தெற்கே, சிறிது தொலைவில் திருவில்லிபுத்தூர் உள்ளது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பதி அது.

ஆண்டாள் பாடிய திருப்பாவை முப்பது பாடல்களைக் கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் ஒரு சொல்லும் சிதையவில்லை. மார்கழித் திங்கள் வந்ததும் விடியற்காலையில் கோயில்தோறும் அது ஒலிக்கின்றது. இதற்குக் காரணம் யாது? பாட்டின் இனிமை மட்டும் காரணம் அன்று. பாடுவதற்கு ஓர் இடம் இருந்தது, அது கோயில். பாடுவதற்கு ஒரு காலம் இருந்தது, அது மார்கழி. பாடுவதைத் தம் கடமையாகக் கொண்ட மக்களும் இருந்தனர். ஓலையும் ஏடும் அவர்களுக்குத் துணை நின்றன. சுருங்கக் கூறின், அப்பாட்டுக்கு ஓர் இல்லம் இருந்தது.

இவ்வூர்களின் வயல்களில் மற்றொரு வகைப் பாட்டும் பன்னெடுங் காலமாக ஒலித்து வந்தது. அது நாற்று நடும் பெண்கள் பாடிய நடவுப்பாட்டு. தொட்டிலை ஆட்டும் தாய் பாடியது தாலாட்டு. இறந்தாரை எண்ணி அழுது பாடியது ஒப்பாரி. முளைப்பாரியைச் சுற்றிக் கைகொட்டிப் பாடியது கும்மிப்பாட்டு. இவற்றைப் பாடியவர் யார், முதலில் இயற்றியவர் யார் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. பெரியாழ்வாரே கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டுப் பாடினார் என்றால், அத்தாலாட்டின் வடிவத்தை அவருக்குத் தந்தவர்கள் பெயரறியாத் தாய்மார்களே அல்லரோ? அத்தகைய பாடல்களுக்கு இல்லம் எது? அந்த இல்லம் இடிந்தால் அவற்றைக் காப்பது எங்ஙனம்? இவையே இங்கு ஆராயத்தக்கன.

தொழிலே முதல் இல்லம்

நாட்டுப்பாடல் பெரும்பாலும் தொழிலோடு பிறந்தது. நடவு நடும் பெண்கள் வரிசையாக நின்று, குனிந்து, பின்னோக்கி நகர்ந்து கொண்டே நாற்றை ஊன்றுவர். ஒருத்தி ஓர் அடியைப் பாட, மற்றவர் அதனைத் திருப்பிப் பாடுவர். பாட்டின் தாளத்திற்கேற்பக் கைகள் இயங்கும், வரிசை பிறழாது, முதுகு வலியும் மறக்கும்.

ஏற்றப்பாட்டின் பயன் இன்னும் வியப்பானது. கிணற்றின்மேல் நீண்ட மரம் ஒன்று துலாவாக அமைந்திருக்கும். ஒருவரோ இருவரோ அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பர். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரை முகந்து வாய்க்காலில் ஊற்றுவார். எத்தனை சால் இறைக்கப்பட்டது என்பதைப் பாட்டே எண்ணிச் சொல்லும். ஏற்றக்காரருக்குப் பாட்டு பொழுதுபோக்கு மட்டும் அன்று; கணக்கும் அதுவே.

இவ்வாறு தொழிலையே இல்லமாகக் கொண்ட பாட்டுக்கு ஓர் இடர் உண்டு. தொழில் மாறினால் பாட்டு வீடிழந்து போகும். மின்விசையால் இயங்கும் நீரேற்றுப் பொறி வந்தது; ஏற்றம் ஓய்ந்தது; ஏற்றப்பாட்டும் ஓய்ந்தது. நடவு இயந்திரம் வந்த வயல்களில் நடவுப்பாட்டு ஒலிப்பதில்லை. உடலை வருத்திய உழைப்பு குறைந்தமை நன்மையே. அதனை வேண்டா என்பார் இலர். ஆயினும், அந்த உழைப்போடு பிறந்த பாட்டும், அதிலடங்கிய சொல்லும் இசையும் வாழ்க்கை வரலாறும் ஒருவரும் அறியாமலேயே மறைந்துவிடுகின்றன. ஒரு கோயில் இடிந்தால் கற்களேனும் எஞ்சும். ஒரு பாட்டு மறந்தால் எஞ்சுவது ஒன்றும் இல்லை.

நூல் என்னும் இல்லம்

வாய்மொழிப் பாடல்களுக்கு அறிஞர்கள் முதலில் அமைத்துத் தந்த புதிய இல்லம் நூல். சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய மக்களின் பாடல்களைத் திரட்டி, ஆங்கிலத்தில் பெயர்த்து, 1871-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்த பெர்சி மாக்வீன் என்பவர் தமிழ் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். அத்தொகுதியைக் கி. வா. சகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1958-இல் ‘மலையருவி’ என்னும் பெயரால் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964-இல் வெளிவந்தது.

வானமாமலையின் நூலில் ஒரு சிறப்பு உண்டு. பல பாடல்களின்கீழ், சேகரித்தவர் பெயரும், பாடல் கிடைத்த ஊரின் பெயரும், சிலவிடங்களில் பாட்டைச் சொல்லி உதவியவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால், ஊரும் பெயரும் குறிக்கப்படாத பாட்டு, முகவரியற்ற மடலைப் போன்றது. எந்த மண்ணில், எந்தத் தொழிலின்போது, எவரால் பாடப்பட்டது என்று தெரிந்தால்தான் பாட்டின் பொருள் முழுதும் விளங்கும்.

எனினும், நூலுக்கும் ஒரு குறை உண்டு. நூல் சொல்லைக் காக்கும், இசையைக் காக்காது. தாலாட்டில் ‘ராராரோ’ என்று இழுக்கும் இழுப்பையும், ஒப்பாரியில் குரல் தழுதழுத்து நிற்கும் இடத்தையும் எழுத்தால் காட்டுதல் அரிது. கண்ணால் படிக்கும்போது எளிய நான்கு அடிகளாகத் தோன்றுவது, காதால் கேட்கும்போது உள்ளத்தை உருக்கிவிடும்.

ஒலியைச் சிறைப்படுத்திய கருவி

இக்குறையைத் தீர்த்தது ஒலிப்பதிவுக் கருவி. 1877-இல் எடிசன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒலியைப் பதித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பின்னர், மெழுகாலான உருளைகளில் பாட்டும் பேச்சும் பதியப்பட்டன. ஊசி ஒன்று மெழுகின்மேல் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்கும். அப்பள்ளங்களின் வழியே ஊசி மீண்டும் செல்லும்போது ஒலி எழும். ஆனால், ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் மெழுகு சிறிது தேயும். பாட்டைக் கேட்பதே அதனை அழிப்பதாக அமைந்தது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பெற்றது. 1885 முதல் 1908 வரை அதன் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், கா. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்திய மக்களின் வாழ்க்கைமுறையை ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மெழுகு உருளைகளில் மக்களின் குரலும் இசையும் அவர்களால் பதியப்பட்டன. அவ்வுருளைகள் இப்பொழுது இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் ஒலிக்கருவூலத்தில் உள்ளன.

ஆலந்து நாட்டு அறிஞர் ஆர்னால்டு பேக் என்பவர் 1938-இல் ஒலிப்பதிவுக் கருவியோடும் திரைப்படக் கருவியோடும் தென்னாட்டில் பயணம் செய்தார். கூத்தையும் பாட்டையும் பதிவு செய்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1984-இல், நசீர் சைராசுபாய், ஏமி காட்லின் என்னும் இசையறிஞர் இருவர் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய பகுதிகளுக்கு மீண்டும் சென்றனர். எக்கலை நிலைத்தது, எக்கலை மாறியது என்று ஒப்பிட்டு ஆராய்வதே அவர்கள் நோக்கம். பழைய பதிவு இருந்தமையால்தான் அந்த ஒப்பீடு இயன்றது. இத்தகைய பதிவுகளைக் காப்பதற்கெனவே அமெரிக்க இந்தியவியல் கழகம் 1982-இல் இசையியல் ஆவண மையம் ஒன்றை இந்தியாவில் நிறுவியது. அது தில்லியை அடுத்த குருகிராமில் இயங்கி வருகின்றது.

கண்ணாடிப் பேழையும் இசைக்கருவியும்

பாட்டைப் போலவே இசைக்கருவியும் காக்கத்தக்கது. கருவி கைக்கு அகப்படும் பொருளாதலின், அதனைக் காப்பது எளிது என்று தோன்றும். உண்மை அவ்வாறில்லை.

பறையை எடுத்துக்கொள்வோம். வட்டமான மரச்சட்டத்தின்மேல் தோல் இழுத்து ஒட்டப்பட்டிருக்கும். இசைப்பவர் அதனை முதலில் தீயில் காய்ச்சுவர். சூட்டினால் தோல் விறைத்து, ஓசை கணீரென்று எழும். ஒரு கையில் மெலிந்து நீண்ட குச்சியும், மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் கொண்டு அடிப்பர். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட பறை தீயைக் காண்பதில்லை. அதன் தோல் தளர்ந்திருக்கும். பார்ப்பவர் பறையின் வடிவத்தை அறிவர், பறையை அறியார்.

உறுமியும் அத்தகையதே. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது, அதன் பெயருக்கேற்ப உறுமும் ஓசை எழும். தென்மாவட்டங்களின் சிறப்புக் கலையாகிய வில்லுப்பாட்டில், மணிகள் கட்டிய நீண்ட வில் மண்குடத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். குடம் அடிப்பவரும், உடுக்கை அடிப்பவரும், தாளம் போடுபவரும் உடனிருப்பர். தலைவர் கதையைச் சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ என்று ஏற்றுப் பேசுவார். வில்லையும் குடத்தையும் பேழையில் வைக்கலாம். அந்த ‘ஆமாம்’ என்னும் சொல்லை எப்பேழையில் வைப்பது?

சென்னை மக்கள் முற்காலத்தில் வேடிக்கையாக இரு பெயர்களை வழங்கினர். விலங்குகளைக் காட்டிய உயிரியல் பூங்கா அவர்களுக்கு ‘உயிர்க் காலேஜ்’. அரசினர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. அந்த உயிரியல் பூங்கா 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே தொடங்கப்பெற்றுப் பின்னர் வேறிடம் சென்றது. 1985 முதல் வண்டலூரில் உள்ளது. வேடிக்கையாக எழுந்த அப்பெயர்களில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கல்லும் செம்பும் அசையாமல் இருந்தாலும் தம் பெருமையை உணர்த்தும். இசையோ அசையாமல் இருந்தால் இசையே ஆகாது. ஆகவே, இசைக்கு அமைக்கும் இல்லம் உயிர்க் காலேஜாக இருத்தல் வேண்டும்.

நாஷ்வில் நகரத்து இசையில்லம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டென்னசி மாநிலத்தின் தலைநகராகிய நாஷ்வில்லில் இத்தகைய இல்லம் ஒன்று உண்டு. அந்நாட்டின் தெற்குப் பகுதியில், அப்பலேச்சிய மலைச்சாரலிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த உழவர்களின் பாட்டு ‘கன்ட்ரி’ இசை எனப்படும். இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் கதைப்பாடல்களையும் பிடிலையும் கொண்டுவந்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடமிருந்து பாஞ்சோ என்னும் நரம்புக்கருவி வந்தது. நகரத்தார் நெடுங்காலம் இதனைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்று எள்ளி நகையாடினர்.

1927-இல் பிரிஸ்டல் என்னும் ஊரில் நடந்த ஒலிப்பதிவுகள் இவ்விசையை நாடெங்கும் பரப்பின. 1961-இல் சிறந்த கலைஞர்களைப் போற்றும் புகழ்மன்றம் ஏற்பட்டது. 1967 ஏப்பிரல் முதல் நாளன்று அதற்கெனத் தனி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2001-இல் அது பெரிய கட்டடத்திற்கு மாறியது. 2014-இல் மேலும் விரிவாக்கப்பட்டது. பியானோவின் கட்டைகளைப் போலத் தோன்றும் சாளரங்கள் அக்கட்டடத்தை அணி செய்கின்றன.

கலைஞர்கள் மீட்டிய கித்தார்களும், உடுத்த உடைகளும், கைப்பட எழுதிய பாட்டுத்தாள்களும், ஒலித்தட்டுகளும், படங்களும் அங்கு உள்ளன. புகழ்மன்றத்தில் இடம்பெற்ற ஒவ்வொருவர் உருவமும் பெயரும் வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, வட்டமான மண்டபத்தில் பதிக்கப்பட்டுள்ளன. கலைஞர்கள் நேரில் வந்து பாடும் அரங்கும் அங்கு உண்டு. பள்ளி மாணவர்களுக்குப் பாட்டு இயற்றும் கலையும் கற்பிக்கப்படுகின்றது.

அந்தப் பெயர் வரிசையில் டெபோர்டு பெய்லி என்பவரின் பெயரும் உள்ளது. அவர் கறுப்பினத்தவர், மவுத்தார்கன் இசைப்பதில் வல்லவர். வானொலி மேடையில் புகழ்பெற்று விளங்கிய அவர் 1941-இல் அம்மேடையிலிருந்து நீக்கப்பட்டார். 1982-இல் மறைந்த அவருக்குப் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது 2005-ஆம் ஆண்டில்தான். கருவியைப் போற்றுவோர் அதனை இசைத்த கையையும் போற்றுதல் வேண்டும் என்பதை அவர் வரலாறு உணர்த்துகின்றது.

கலையும் கலைஞரும்

தமிழ்நாட்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். பறையை இழிந்த கருவி என்று கருதி, அதனை இசைத்தோரைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய கொடுமை நெடுங்காலம் நிலவியது. இறப்பு வீட்டில் மட்டும் அழைக்கப்பட்டு, ஏனைய இடங்களில் விலக்கப்பட்ட கலைஞர் பலர். அந்த இழிவோடு தம் மக்களுக்குக் கலையைக் கற்பிக்க விரும்பாத தந்தையரைக் குறை கூறுதல் இயலுமோ? கலை மறைவதற்குப் புதிய பொறிகள் மட்டும் காரணம் அல்ல. கலைஞரை மதியாமையும் பெருங்காரணமாகும்.

இந்நிலை இப்போது மாறி வருகின்றது. பறை இன்று கல்லூரி மேடைகளிலும் விழா அரங்குகளிலும் முழங்குகின்றது. பெண்களும் அதனைக் கற்று இசைக்கின்றனர். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. மதுரையைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகியும் ஆய்வாளருமாகிய விசயலட்சுமி நவநீதகிருட்டிணன் 2018-இலும், வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2021-இலும் அவ்விருதைப் பெற்றனர்.

கலைகளைத் தொகுத்துக் காக்கும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இயங்குகின்றது. 1981-இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாட்டுப்புறவியல் ஆராயப்படுகின்றது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா, தென்னாட்டின் பழைய வீடுகளை ஓரிடத்தில் அமைத்துக் காட்டுகின்றது. அங்கு நாட்டுப்புறக் கலைஞர்களும் தம் கலைகளை நிகழ்த்துகின்றனர்.

ஊர்தோறும் ஓர் இல்லம்

பெருநகரங்களில் அமையும் இல்லங்கள் போதுமோ எனின், போதா. நடவுப்பாட்டு ஊருக்கு ஊர் வேறுபடும். வத்திராயிருப்பில் பாடிய வகை வேறு; தஞ்சையில் பாடிய வகை வேறு. ஓர் ஊரின் பாட்டை அவ்வூராரே முதலில் அறிவர். அதனை நினைவில் கொண்டிருப்போர் பெரும்பாலும் முதியோர்.

இன்று ஒலிப்பதிவு செய்வதற்குத் தர்ஸ்டன் காலத்து மெழுகுருளை வேண்டுவதில்லை. வீடுதோறும் உள்ள கைப்பேசியே அதனைச் செய்யும். பாட்டி பாடும் தாலாட்டை அவர் இசைவு பெற்றுப் பதிவு செய்து, பாடியவர் பெயர், ஊர், நாள், எப்பொழுது பாடுவது என்னும் செய்திகளையும் எழுதி வைத்தல் பள்ளி மாணவர்க்கும் இயலும். விளங்காத சொல்லின் பொருளை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. சால், துலா, முளைப்பாரி முதலிய சொற்கள் அவர்களோடு மறைந்தால், பின்னர் எந்த அகராதியும் அவற்றின் முழுப் பொருளைத் தாராது.

பதிவு செய்த பின்னும் ஒரு கடமை எஞ்சுகின்றது. அப்பாட்டைக் கற்றுப் பாடுதலே அது. திருப்பாவையை ஓலை மட்டும் காக்கவில்லை. ஆண்டுதோறும் பாடிய வாய்களும் காத்தன. ஏற்றம் மீண்டும் வாராது. வரவேண்டும் என்பதும் இல்லை. ஆயினும் வயலையும் கிணற்றையும் இழந்த பாட்டுக்குப் பள்ளி அரங்கும், ஊர்த் திருவிழாவும், வீட்டுத் திண்ணையும் புதிய இல்லமாதல் கூடும். வ. புதுப்பட்டி போன்ற ஊர் ஒன்றில் ஒரு சிறுமி தன் பாட்டியின் நடவுப்பாட்டை முழுவதும் பாடக் கற்றுக்கொண்டால், அந்தப் பாட்டின் ஆயுள் இன்னும் அறுபது ஆண்டுகள் நீளும்.